மேலே மூன்று மில்லிமீட்டர், கீழே மணலிக் காற்று

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஓசோன் பற்றி ஒரு ப்ராஜெக்ட். ஒரு நாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பக்கங்களைக் காட்டினாள். செயற்கைக்கோள் தரவு போடும் தளம் ஒன்றில் சென்னைக்கு நேரே இருநூற்றுச் சொச்சம் என்று ஓர் எண். மணலியில் இருக்கும் காற்றுத் தர நிலையத்தின் பக்கத்திலோ நாற்பதைக்கூட எட்டாத ஓர் எண். “ரெண்டுலயும் ஓசோன்னுதான் போட்டிருக்குக்கா. எது கரெக்ட்?”

இரண்டும் சரிதான் என்று சொன்னதும் அவள் முகம் இன்னும் குழம்பிப் போனது. முதல் எண், தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை நம் தலைக்கு மேல் இருக்கும் மொத்த ஓசோன். இரண்டாவது, மணலியில் ஒரு மனிதர் மூச்சை இழுத்தால் உள்ளே போகும் காற்றில் இருக்கும் ஓசோன். பொருள் ஒன்று, பெயர் ஒன்று, அலகு வேறு, இடம் வேறு. மேலே இருப்பது புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கிறது. கீழே இருப்பது நுரையீரலை எரிக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தி எடுக்கிறது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள், இரவும் பகலும் ஓடும் கன்டெய்னர் லாரிகள் என எல்லாவற்றுக்கும் நடுவில் வாழ்கிற எங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எண்ணூர் மேல் சிவப்பாக ஒரு செயற்கைக்கோள் படம் வந்தால் எல்லோரும் பதறுகிறோம். “ஓசோன் நார்மல்” என்று இன்னொரு படம் வந்தால் நிம்மதியாகிறோம். அந்தப் படம் எதை அளந்தது என்று கேட்காதவரை அந்தப் பதற்றத்துக்கும் பொருள் இல்லை, நிம்மதிக்கும் பொருள் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு மூன்று நாளாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இருநூற்றுச் சொச்சம். அது டாப்சன் அலகு. தலைக்கு மேல் இருக்கும் ஓசோனையெல்லாம் திரட்டிக் கீழே கொண்டுவந்து, சுழி டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஒரு தாளைப் போல விரித்தால் எவ்வளவு தடிமன் வரும்? ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வந்தால் அது 1 டாப்சன் அலகு. உலகச் சராசரி ஏறத்தாழ 300. அதாவது 3 மில்லிமீட்டர். நம் அட்சரேகையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, 250 முதல் 280 வரை வைத்துக்கொள்ளலாம். ஓசோன் அதிகம் உருவாவது வெயில் நேராக விழும் வெப்பமண்டலத்துக்கு மேலேதான் என்றாலும், மேலடுக்குக் காற்றோட்டம் அதை இங்கே தங்க விடாமல் துருவங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

இந்த அலகுக்குப் பெயர் தந்த ஜி.எம்.பி. டாப்சன் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தவர். 1920-களில் இதற்கென்று ஒரு கருவி செய்தார். சூரிய ஒளியில் இரண்டு அலைநீளங்களை எடுத்துக்கொள்வது. ஒன்றை ஓசோன் நன்றாக உறிஞ்சும், இன்னொன்றை அவ்வளவாகத் தொடாது. இரண்டும் தரைக்கு வந்து சேரும் விகிதத்தைப் பார்த்தால் வழியில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். டீக்கடையில் டம்ளரைத் தொடாமலே நிறத்தைப் பார்த்து டிகாஷன் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறோமே, அதைப் போலத்தான். கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து என்று உலகின் பல மூலைகளுக்கு அவர் தொடக்க காலத்திலேயே அனுப்பிய கருவிகளில் ஒன்று 1920-களின் கடைசியில் நம் கொடைக்கானலுக்கு வந்தது. சூரியனை ஆராய அங்கே ஏற்கெனவே வானாய்வகம் இருந்தது. வெப்பமண்டலத்து ஓசோன் பற்றி உலகம் முதலில் தெரிந்துகொண்ட இடங்களில் கொடைக்கானலும் ஒன்று என்பது தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் ஒரு பத்தியாவது பெற வேண்டிய செய்தி.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதனையும் இங்கே சொல்ல வேண்டும். சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர், பின்னால் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர், சர்வதேச ஓசோன் ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர். சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது, உச்சி வானத்திலிருந்து வரும் சிதறல் ஒளியில் அந்த விகிதம் ஒரு கட்டத்தில் திசை திரும்பும். ஜெர்மன் மொழியில் அதற்கு ‘உம்கேர்’ என்று பெயர், திரும்புதல் என்று பொருள். அந்தத் திருப்பத்தை அலசினால் எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று தரையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். ராமநாதன் இந்த முறையில் ஆழமாக வேலை செய்தார். சிதறிய ஒளியில் ஓசோனைத் தேடும் இதே எண்ணத்தைத்தான், மேலிருந்து கீழே பார்த்தபடி, செயற்கைக்கோள்கள் செய்கின்றன.

சரி, செயற்கைக்கோளுக்கு வருவோம். அது ஓசோனைத் தொடுவதில்லை, காற்றை உறிஞ்சிப் பார்ப்பதும் இல்லை. எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, பூமியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்க்கிறது, அவ்வளவுதான். சூரியனின் புற ஊதா ஒளி காற்றுக்குள் நுழைகிறது. காற்று மூலக்கூறுகள் அதில் ஒரு பங்கைச் சிதறடித்து மேலே திருப்பி அனுப்புகின்றன. போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஓசோன் சில அலைநீளங்களைத் தின்றுவிடுகிறது. 300 நானோமீட்டர் பக்கம் பெரும்பசி, 330-க்கு வந்தால் லேசான பசி, 360-ஐத் தாண்டினால் தொடுவதே இல்லை. எனவே எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைகிறது என்பதே அளவு. குறையை வைத்து இருப்பைச் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, குறுகிய அலைநீளங்கள் உயரத்திலேயே திரும்பிவிடும், நீண்டவை இன்னும் கீழே வரை வந்து போகும். பல அலைநீளங்களைச் சேர்த்துப் பார்த்தால் உயரத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடும்.

1970 ஏப்ரலில் போன நாசாவின் நிம்பஸ்-4 செயற்கைக்கோள் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது. அது நேர் கீழே மட்டும்தான் பார்த்தது. 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 கொண்டுபோன ‘டாம்ஸ்’ என்ற கருவிதான் பக்கவாட்டிலும் துழாவி, வெயில் படும் பூமி முழுவதையும் தினமும் வரைபடமாக்கியது. ஆறு அலைநீளங்கள், நேர் கீழே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அகலமுள்ள புள்ளிகள். எண்ணூரும் தாம்பரமும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும் அளவு. 2004-இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் ‘ஓமி’ அதை 13-க்கு 24 கிலோமீட்டராகச் சுருக்கியது. 2017 அக்டோபரில் போன சென்டினல்-5பி-யின் ‘ட்ரோபோமி’ இப்போது 5.5-க்கு 3.5 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. இந்தக் கணக்கில் வடசென்னை கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சில கட்டங்கள்தான். மணலியும் திருவொற்றியூரும் பல நாட்களில் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும்.

எங்கள் மொட்டை மாடிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவாக இருந்தால் ராக்கெட் நெருப்புக்கோடாக ஏறுவது இங்கிருந்தே தெரியும். 2016 செப்டம்பரில் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் என்ற இரண்டு வானிலைச் செயற்கைக்கோள்களும் அங்கிருந்துதான் போயின. அவற்றில் உள்ள ஒரு கருவியின் அலைவரிசைகளில் ஒன்று ஓசோனுக்கானது. அது சூரிய ஒளியை நம்பி இல்லை. பூமி வெளியிடும் வெப்பக் கதிரில், ஓசோன் உறிஞ்சும் 9.6 மைக்ரோமீட்டர் பக்கத்து அகச்சிவப்பைப் பார்க்கிறது. அதனால் இரவிலும் வேலை செய்யும்.

இவ்வளவு தூரத்திலிருந்து வரும் எண்ணை எப்படி நம்புவது? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பழைய டாப்சன் கருவியை வைத்து ஆண்டுக்கணக்காக அளந்துவந்தார்கள். 1960-களில் 300 பக்கம் இருந்த அக்டோபர் மாத அளவு, 1980-களின் தொடக்கத்தில் 200-க்குச் சரிந்திருந்தது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் அதை வெளியிட்டார்கள். ஓசோன் ஓட்டை உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். அப்போது நிம்பஸ்-7 ஆறு ஆண்டுகளாக மேலே சுற்றிக்கொண்டிருந்ததே, அது பார்க்கவில்லையா?

“நாசாவின் கம்ப்யூட்டர் அந்தத் தரவைக் குப்பையில் போட்டுவிட்டது” என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. அது உண்மை இல்லை. 180-க்குக் கீழே வந்த எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று மென்பொருள் குறியிட்டு வைத்தது, அழிக்கவில்லை. பவன் பார்த்தியா என்ற ஆய்வாளர் இருந்த நாசா குழு, அக்டோபர் மாதத்தில் அந்தக் குறிகள் குவிவதைக் கவனித்தது. உறுதிசெய்துகொள்ள, தென்துருவத்துத் தரை நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டார்கள். அங்கே 300 பக்கம் என்று இருந்தது. தங்கள் கருவியில்தான் கோளாறோ என்று தயங்கினார்கள். தப்பு அந்தத் தரை அளவில்தான் என்பது பின்னால் தெரிந்தது. 1985 ஆகஸ்டில் பார்த்தியா வரைபடத்தைக் காட்டியபோது, ஹாலியின் தலைக்கு மேல் ஒரு புள்ளியில் தெரிந்தது அண்டார்க்டிகா முழுவதையும் மூடும் பள்ளம் என்று புரிந்தது. சரிவைச் சொன்னது தரை, அதன் பரப்பைச் சொன்னது வானம்.

இன்னொன்றும் நடந்தது. கீழிருந்து வரும் ஒளியை எதோடு ஒப்பிடுவது? சூரியனோடுதான். நேராகச் சூரியனைப் பார்க்க முடியாது என்பதால், ஒளியைச் சிதறடிக்கும் ஒரு தகட்டை வெயிலில் நீட்டி, அதைப் பார்த்துக் கருவி தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு நிம்பஸ்-7-இன் தகடு மங்கிவிட்டது. மங்கியது தெரியாமல் கணக்குப் போட்டதில், உலகம் முழுவதும் ஓசோன் உண்மையைவிட வேகமாகக் குறைவது போல எண்கள் வந்தன. 1988-இல் ஆய்வாளர்கள் கூடி, தரையில் இருந்த டாப்சன் கருவிகளோடு பொருத்திப் பார்த்துத்தான் அதைத் திருத்தினார்கள். குறைவது உண்மைதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. மேலே ஒரு கருவி மங்கினால் அதைத் துடைக்க யாரும் போக முடியாது. கீழே இருக்கும் கருவிதான் அதற்குக் கண்ணாடி.

இப்போது மணலிக்கு வருகிறேன். மொத்த ஓசோனை ஒரு சதவீதம், இரண்டு சதவீதப் பிழைக்குள் சொல்லும் செயற்கைக்கோள், மணலிக் காற்றின் ஓசோனையும் சொல்லிவிடாதா என்பது நியாயமான கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியத் தரப்படி எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஓசோன்தான் எல்லை. மத்தியான நேரத்தில் தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரம் வரை காற்று முழுவதும் சரியாக அந்த எல்லையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிலோமீட்டரின் ஓசோனையெல்லாம் திரட்டி விரித்தால் வருவது ஐந்து டாப்சன் அலகுகூட இல்லை. மில்லிமீட்டரில் சொன்னால் 0.05. இரண்டரை மில்லிமீட்டருக்கு மேலான ஒரு தாளில் ஒரு தலைமுடி அளவு.

காற்று இன்று பாதி எல்லையில் இருந்து நாளை முழு எல்லைக்கு ஏறினாலும், மேலே தெரியும் மொத்த எண் ஒரு சதவீதம்கூட மாறாது. அந்த மாற்றம் அளவீட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். போதாததற்கு, ஓசோனைக் காட்டிக்கொடுக்கும் அந்தப் புற ஊதா ஒளியில் பெரும்பகுதி, தரைக்கு வருவதற்கு முன்பே உறிஞ்சப்பட்டோ சிதறியோ போய்விடுகிறது. கடைசி ஒரு கிலோமீட்டரைத் தொட்டுவிட்டு மேலே திரும்பும் ஒளி சொற்பம். அந்த ஒரு முடியும் மங்கலாகத்தான் தெரிகிறது. எதிர்வீட்டுப் பெண் கேட்டதற்கு முழுப் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அவள் அதை நோட்டில் இரண்டு முறை போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அறிவியலாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. மொத்தத்தை ஒரு கருவியால் அளந்து, மேலடுக்கை மட்டும் இன்னொரு கருவியால் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது ஒரு வழி. ஆரா செயற்கைக்கோளில் ஓமியோடு கூடவே இருக்கும் நுண்ணலைக் கருவி, பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து மேலடுக்கு ஓசோனை உயரம் உயரமாகப் பிரித்துச் சொல்லும். கழித்தால் மிச்சம் கீழ்ப்பகுதி. வெப்பமண்டலத்துக்கென்று இன்னும் அழகான ஒரு வழி உண்டு. நம் பக்கத்து இடிமேகங்கள் பதினைந்து கிலோமீட்டர் வரைகூட எழும். அப்படிப்பட்ட மேகத்துக்கு மேலே தெரிவது மேலடுக்கு ஓசோன் மட்டும். பக்கத்தில் தெளிவான வானத்தில் தெரிவது முழு ஓசோன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேகத்தின் கீழே மறைந்திருப்பது. ஆனால் இப்படி வருவதெல்லாம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கான மொத்தம், பல நாள் சராசரி, ஒவ்வொரு கட்டமும் ஒரு மாவட்டம் அளவு. எண்ணூர் குப்பத்துக்கும் மாதவரம் ரவுண்டானாவுக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் தேட முடியாது.

அப்படியானால் வாட்ஸ்அப்பில் வரும் அந்தச் சிவப்புப் படம்? பெரும்பாலும் அது ஓசோன் இல்லை, நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் செயற்கைக்கோள் நன்றாகவே பார்க்கிறது. அது உறிஞ்சுவது நீல ஒளியை. நீல ஒளி தரை வரை வந்து திரும்பும். நகரங்களில் அந்த வாயுவில் பெரும்பங்கு இருப்பதும் தரையை ஒட்டித்தான். மேலே அதை மறைக்க மூன்று மில்லிமீட்டர் படலமும் இல்லை. டீசல் எஞ்சின், கொதிகலன், கப்பல் புகைபோக்கி என்று எரிக்கிற இடமெல்லாம் படத்தில் எழும்பித் தெரிகிறது.

அந்தச் சிவப்புக்கும் ஓசோனுக்கும் உறவு உண்டு, ஆனால் நேரான உறவு இல்லை. கீழ்க்காற்றில் ஓசோனை யாரும் புகைபோக்கியில் விடுவதில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கிறது. அதிலிருந்து பிரியும் ஆக்சிஜன் அணு, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. பெட்ரோல், கரைப்பான்கள், ஆலைகள், மரங்கள் என்று பல இடங்களிலிருந்து வரும் ஆவிகள் இந்தச் சக்கரத்தை ஓடவைக்கின்றன. அதே சமயம் எஞ்சினிலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். அதனால் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரத்தில் நின்று அளந்தால் ஓசோன் குறைவாகவே வரலாம். அங்கே காற்று நல்ல காற்று என்று அதற்குப் பொருள் கிடையாது. மத்தியானம் கடற்காற்று எழுந்ததும் அந்தப் புகையெல்லாம் மேற்கே நகர்கிறது. போகிற வழியில் வெயிலில் வெந்து, மாதவரம், புழல் பக்கம் போய்ச் சேரும்போது ஓசோனாகியிருக்கும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற நாளில் அதுவே கடலுக்குப் போய்விடும். மணலியில் எண் குறைவாக இருப்பதற்கும் மணலிக் காற்று சுத்தமாக இருப்பதற்கும் இடையே இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

இங்கேதான் செயற்கைக்கோள் உண்மையில் உதவுகிறது. ட்ரோபோமி நைட்ரஜன் டை ஆக்சைடோடு ஃபார்மால்டிஹைடையும் அளக்கிறது. ஃபார்மால்டிஹைடு அந்த ஆவிகளின் அடையாளம். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், ஓர் ஊரில் ஓசோனைக் குறைக்க வண்டிப் புகையைக் குறைப்பதா, ஆவிகளைக் கட்டுப்படுத்துவதா என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும். ஓசோனையே பார்க்க முடியாத இடத்தில் அதன் மூலப்பொருள்களைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. கொள்கை வகுக்கிறவர்கள் இதை இன்னும் அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது தரை நிலையத்துக்குப் பதில் ஆகாது. ட்ரோபோமி நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணி வாக்கில். காலை எட்டு மணி நெரிசலையும் நள்ளிரவு லாரிகளையும் அது பார்ப்பதில்லை. 2020-இல் தென்கொரியா ஏவிய ‘ஜெம்ஸ்’, ஜப்பானிலிருந்து இந்தியாவின் கிழக்குப் பகுதி வரை ஒரே இடத்தில் நின்று பகல் முழுவதும் மணிக்கொரு முறை பார்க்கிறது. ஆனால் இந்தியா அதன் மேற்கு ஓரத்தில் இருப்பதால் நம் பக்கத்தைச் சாய்வாகத்தான் பார்க்கும்.

மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம் என்று எங்கள் பக்கத்தில் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. காசிமேட்டில் வலை பின்னுகிறவரும் வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறவரும் மூச்சுவிடுகிற உயரத்துக்கு நெருக்கமாக அளப்பவை அவைதான். கடற்காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் மேற்குப் பக்கத்திலும் இப்படி அளந்தால்தான் படம் முழுமையாகும்.

ப்ராஜெக்டை முடித்துவிட்டு அந்தப் பெண் இன்னொரு கேள்வியோடு வந்தாள். “மழைக்காலத்துல மேகம் மூடிக்கிட்டா என்ன பண்ணும்க்கா?” மேகத்துக்குக் கீழே புற ஊதா ஒளியால் பார்க்க முடியாது. அப்போது கணிப்பு நிரல், மேகத்துக்கு மேலே இருக்கும் ஓசோனை அளந்துவிட்டு, கீழே இந்த மாதத்தில் இந்த அட்சரேகையில் வழக்கமாக எவ்வளவு இருக்குமோ அதைக் கூட்டிக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு வரும் மொத்த ஓசோன் எண்களில் பல நாட்களுக்கு அடிப்பகுதி அப்படிச் சேர்க்கப்பட்டதுதான். அவள் வரைபடத்தில் அந்த மூன்று மாதங்களையும் பென்சிலால் லேசாக நிழலிட்டு, பக்கத்தில் மணலி நிலையத்தின் எண்களைத் தனி வரிசையில் எழுதினாள்.